படுவான்கரையில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: பலித்ததும் பலிக்காததும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. பெரிய ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பெயர்பெற்ற பாடசாலைகள், ரியூசன் கொட்டில்கள் எல்லாம் கிழக்கே. வயலும் குளமும் மாடும் யானையும் மேற்கே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் நகரத்துக்கு வர பாதையில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் வவுணதீவால் சுற்றி வரவேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. பாலம் வந்தபிறகு வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் நகரத்துக்கு ரியூசனுக்கு வருகிறார்கள். பஸ் காசும் வகுப்புக் காசும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளோடு 2023 தைமாதம் தொடங்கி நானும் என் மச்சாளும் நடத்திவருகிற சனிக்கிழமை வகுப்பைப் பற்றியது இந்த ஆய்வு. எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வேறு ஊரில் இதே வேலையைத் தொடங்க நினைக்கிற ஒருவருக்கு உதவினால் சந்தோசம்.

நான் ஆசிரியன் இல்லை. மோட்டர் வைண்டிங் வேலை செய்கிறவன். கிணற்றுப் பம்ப், மின்விசிறி, கிரைண்டர் எது எரிந்து வந்தாலும் பழைய செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். மச்சாள் படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், தரம் 8 பிள்ளைகள் மின்காந்தம் பற்றிக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்ததாகவும், அதே பிள்ளைகளிடம் ஒரு காந்தத்தைக் கொடுத்தபோது பாதிப்பேர் அதை முதன்முதலாகக் கையில் பிடித்ததாகவும் சொன்னார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. என் கடையில் உடைந்த ஸ்பீக்கர் காந்தம் ஒரு வாளி நிறையக் கிடக்கிறது.

பெட்டிக்குள் இருந்த விஞ்ஞானம்

முதல் மூன்று மாதத்தைப் பிழையான வழியில் செலவழித்தோம், அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

நல்ல மனமுள்ள ஓர் அமைப்பு இரண்டு ரோபோ பெட்டிகள் தந்தது. சின்னச் சில்லு, மோட்டர், சென்சர், வயர், எல்லாம் ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நுரைப் பஞ்சில் ஒரு குழி. வாசிகசாலை மேசையில் திறந்து வைத்தோம். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். எடுங்க, தொடுங்க என்று சொன்னேன். ஒருவரும் தொடவில்லை. பெரியவன் ஒருத்தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான், கோயில் சாமான் பார்க்கிறதுபோல. கடைசியில் நான் பூட்டினேன், அவர்கள் பார்த்தார்கள், ரோபோ ஓடியது, கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அடுத்த கிழமை 14 பேரில் 6 பேர்தான் வந்தார்கள்.

மச்சாள் வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: “மச்சான், அந்தப் பெட்டிய இனிக் கொண்டு வராதீங்க. ஒண்டு உடைஞ்சா என்ன நடக்குமெண்டு அதுகளுக்குத் தெரியும்.”

அவர் சொன்னது அவருடைய பாடசாலை அனுபவத்திலிருந்து. அரச பாடசாலையில் ஆய்வுகூடத்துச் சாமான் எல்லாம் பொருட்பதிவேட்டில் ஏறும். வருடாவருடம் கணக்கெடுப்பு வரும். ஒரு முகவை உடைந்தாலும் பொறுப்பாசிரியர் எழுத்தில் விளக்கம் சொல்லவேண்டும், சிலவேளை கைக்காசு போட்டு வாங்கி வைக்கவேண்டும். அதனால் அலுமாரிக்குப் பூட்டு. பூட்டுகிற ஆசிரியர் மேல் குறை சொல்ல என்னால் முடியாது, அவர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். 2007இல் பாடத்திட்டத்தை மாற்றியபோது தேர்ச்சி, செயற்பாடு, ஆராய்ந்து பார்ப்பது என்று ஆசிரியர் வழிகாட்டிகள் முழுக்க எழுதித்தான் வைத்தார்கள். ஆனால் பிள்ளை ஒன்று எதையாவது உடைத்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் செயன்முறை என்பது ஆசிரியர் செய்து காட்டுவதாகவும், பிறகு கரும்பலகையில் வரைவதாகவும், பிறகு மனப்பாடமாகவும் ஆகிவிடுகிறது.

சரி, அப்படியென்றால் உடைந்தாலும் ஒருவரும் கேட்காத சாமான் என்ன இருக்கிறது? என் கடையின் பின்பக்கம் முழுக்க அதுதான் இருக்கிறது.

கிறுகின கம்பி

அடுத்த சனிக்கிழமை ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சீமெந்துத் தரையில் கொட்டினேன். எரிந்த பம்பிலிருந்து வெட்டி எடுத்த கம்பி, ஸ்பீக்கர் காந்தம், பழைய டி.வி.டி. பெட்டி, சைக்கிள் டைனமோ, சிரட்டை, ரின்மீன் ரின், வால்வு ரியூப். எல்லாம் குப்பை, என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க, உடைச்சாக் காசில்ல என்று சொன்னேன். ஐந்து நிமிடம் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு சின்னவன் டி.வி.டி. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்து ஸ்குரூ கழற்றத் தொடங்கினான். அவ்வளவுதான், பத்தாவது நிமிடத்தில் எனக்கு நிற்க இடமில்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது சனிக்கிழமை நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வகுப்பை நான் விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

சின்ன மோட்டர் ஒன்று செய்யப்போகிறோம். டோர்ச் பற்றரியின் உடம்பில் பூச்சுக் கம்பியை இருபது சுற்றுச் சுற்றிக் கழற்றினால் வட்டமான ஒரு சுருள் கிடைக்கும். அதன் இரண்டு நுனியும் நேரெதிரே கை நீட்டினாற்போல நிற்கவேண்டும். பற்றரியின் இரு முனையிலும் ஒவ்வொரு சட்டைப்பின்னை வைத்து றப்பர் பாண்டால் இறுக்கி, பின்னின் வளையத்துக்குள் அந்த நுனிகளை விட்டு, சுருளுக்குக் கீழே காந்தத்தை வைக்கவேண்டும். நுனியில் உள்ள பூச்சைப் பிளேடால் சுரண்டினால்தான் மின் பாயும். எல்லாரும் நன்றாக, பளபளவென்று, சுற்றிவரச் சுரண்டினார்கள். ஒருவருடையதும் சுற்றவில்லை. சுருள் ஒருதரம் துள்ளும், அப்படியும் இப்படியும் ஆடும், நின்றுவிடும்.

ஒரு தரம் 7 பிள்ளை மட்டும் கம்பியைத் திருப்பித் திருப்பிச் சுரண்டப் பயந்து, மேசையில் படுக்க வைத்து மேல்பக்கத்தை மட்டும் சுரண்டியிருந்தாள். பிளேட் கையில் வெட்டிவிடும் என்ற பயம். அவளுடைய சுருளை வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினாள், அது சுற்றத் தொடங்கி நிற்கவே இல்லை. “இஞ்ச பாருங்க சேர், கிறுகுது!” என்று கத்தினாள். மட்டக்களப்பில் சுற்றுவதைக் கிறுகுவது என்போம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தங்கள் சாமானைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

பாதிப் பக்கம்தான் சுரண்டவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன். வாயைத் திறந்து சொல்லப் போனேன், மச்சாள் என் கையைப் பிடித்து அமர்த்தினார். நான் பேசாமல் இருந்தேன். 40 நிமிடம் போனது. முதலில் காந்தம் நல்ல காந்தம் என்றார்கள், மாற்றி வைத்துப் பார்த்தார்கள், இல்லை. பிறகு அவளுடைய பற்றரி புதிது என்றார்கள், அதுவும் இல்லை. பிறகு ஒருத்தன் அவளுடைய சுருளையே எடுத்துத் தன் பின்னில் வைத்தான், அங்கேயும் சுற்றியது, ஆகவே விசயம் சுருளில்தான் இருக்கிறது என்று முடிவானது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நுனியில் ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் பழுப்பு. ஒருத்தன் தன் சுருளை விரலால் மெல்ல மெல்லத் திருப்பி எந்த இடத்தில் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவன்தான் சொன்னான்.

“பாதிச் சுத்துக்கு அங்கால தள்ளுது, மத்தப் பாதிக்குத் திருப்பி இஞ்சால தள்ளுது சேர். அதுதான் எங்கட ஆடிட்டு நிக்குது. இவட கம்பியில மத்தப் பாதிக்குக் கரண்ட் போகல்ல. அந்த நேரம் அது போன வேகத்தில சும்மா போகுது, மறுகா தள்ளுது.”

நான் இருபது வருடமாக மோட்டர் சுற்றுகிறேன். கொமியூட்டேற்றர், அதாவது சுருளுக்குப் போகிற மின்னைப் பாதிச் சுற்றுக்கொருமுறை மாற்றிவிடுகிற பாகம், என்ன செய்கிறது என்று இவ்வளவு சுத்தமாக எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பையன் அந்தத் தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 31 புள்ளி எடுத்தவன்.

அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு விதி. ஒன்று, உடைந்தால் அழக்கூடிய சாமான் வகுப்புக்குள் வராது. மற்றது, பிள்ளைகள் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் வாய் திறக்கக்கூடாது. இரண்டாவதுதான் கஷ்டம். இன்றைக்கும் எனக்குக் கஷ்டம்.

எங்களுக்கு முன்னால் செய்தவர்கள்

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுத்தரப் பாடசாலைகளில், விவசாயக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்துப் படிக்கிற விஞ்ஞானத்தைத் தொடங்கினார்கள். அது பிறகு நூற்றுக்கணக்கான பாடசாலைகளுக்குப் பரவியது. 2002இல் அந்த மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது வருடம் ஓடிய ஒரு வேலை அப்படி நின்றுபோனதை வாசிக்க மனம் வலிக்கிறது. அரவிந்த் குப்தா என்கிற பொறியியலாளர் லொறித் தொழிற்சாலை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1978இல் அங்கே போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரியூபையும் வைத்து முக்கோணம், சதுரம், கூடு எல்லாம் கட்டலாம் என்று காட்டினார். பிறகு வாழ்நாள் முழுக்கக் குப்பையிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்வதையே வேலையாக வைத்துக்கொண்டார்.

அந்தத் தீக்குச்சி வேலையை நாங்களும் செய்தோம். சதுரத்தைத் தள்ளினால் சாய்கிறது, முக்கோணம் சாயமாட்டேன் என்கிறது. ஒரு பிள்ளையின் அப்பா ஓடாவி, தச்சுவேலை செய்கிறவர். அவன் வீட்டுக்குப் போய்க் கூரை மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, எங்கட அப்பாவுக்கு இது முந்தியே தெரியும் என்று சொன்னான். பெருமையாகச் சொன்னான். தகப்பனின் தொழிலை ஒரு பிள்ளை வகுப்பில் பெருமையாகச் சொல்வதை மச்சாள் அதற்கு முன் கேட்டதில்லையாம்.

நம் ஊரிலேயே ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரை எங்கள் பிள்ளைகளுக்குச் சிலையாகவும் பாட்டாகவும் தெரியும். கல்லடியில் அவருடைய சமாதியைப் பார்த்திருக்கிறார்கள். அவர் துறவியாவதற்கு முன் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்தவர் என்பது ஒருவருக்கும் தெரியாது. பழந்தமிழ் யாழ்களின் நரம்பு அளவையும் சுரத்தையும் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர். ஆகவே ஒரு சனிக்கிழமை பலகையில் 60 சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தூண்டில் நூலான தங்கூசியை இழுத்துக் கட்டி, ஒரு முனையில் ரின்னை வைத்து மீட்டினோம். சரி பாதியில், 30இல் விரலை வைத்து மீட்டினால் அதே சுரம் மேலே கேட்கிறது. 40இல் வைத்தால் வேறு சுரம், ஆனால் சேர்ந்து இனிக்கிறது. விபுலானந்தர் செய்த வேலையின் முதல் படி இதுதான் என்று சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

உப்பு அளக்கிற போத்தல்

வடிவமைப்பு என்ற சொல்லை நாங்கள் வகுப்பில் பாவிப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் அதைத்தான் செய்தார்கள் என்று எனக்குத் தெளிவாக விளங்கியது வாவித் தண்ணீர் அளந்தபோது.

ஒரு பிள்ளை கேட்டாள், பாலமீன்மடு முகத்துவாரத்தில் தண்ணி உப்பு, எங்கட பக்கம் அவ்வளவு உப்பில்ல, எங்க வச்சு மாறுது என்று. நல்ல கேள்வி. வாவி வடக்கே தெற்கே 50 கிலோமீற்றருக்கு மேல் நீளம். முகத்துவாரத்தால் கடல் ஏறும், மேற்கிலிருந்து ஆறும் வயல் வாய்க்காலும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து விடும். மீனும் இறாலும் அதை வைத்துத்தான் இடம் மாறும், வலை போடுகிற அப்பாமாருக்கு அது தெரியும். ஆனால் அளவாக ஒருவரும் சொன்னதில்லை.

முதலில் உறிஞ்சு குழாயின் ஒரு நுனியைக் களிமண்ணால் அடைத்து, கொஞ்சம் மணல் போட்டு, தண்ணீரில் நிமிர்ந்து மிதக்க விட்டோம். உப்புத் தண்ணீர் பாரம் கூடினது, ஆகவே அதில் குழாய் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை வீதமளவில்தான் பாரம் கூட. 12 சென்ரிமீற்றர் தாழ்ந்து மிதக்கிற குழாய் கடல் தண்ணீரில் எழும்புவது வெறும் 3 மில்லிமீற்றர். வாவித் தண்ணீரில் அதைவிடக் குறைவு. கண்ணால் வாசிக்கவே முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் பொய்யாக எழுதினார்கள், ஏனென்றால் வித்தியாசம் வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை நாங்கள் கண்டிக்கவில்லை. பார்க்க முடியாத கோட்டை எப்படி எழுதினீங்க என்று மட்டும் மச்சாள் கேட்டார், அவர்களாகவே அழித்தார்கள்.

அப்புறம் மூன்று கிழமை இதே பிரச்சினை. குழாயை நீட்டினால் என்ன, மெலிதாக்கினால் என்ன, மண்ணைக் கூட்டினால் என்ன. உடல் பெருசாக இருக்கவேண்டும், கழுத்து மெலிதாக இருக்கவேண்டும் என்பதை ஒரு பையன் தன் அம்மம்மாவின் கண் மருந்துப் போத்தலோடு வந்து காட்டினான். போத்தல் தண்ணீருக்குள், அதன் வாயில் பால் பக்கெட்டோடு வருகிற சின்ன உறிஞ்சு குழாய் செருகி, சுற்றிவர மெழுகு. அதே கடல் தண்ணீரில் இது கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர் எழும்பியது. மூன்று மில்லிமீற்றரை இரண்டு சென்ரிமீற்றராக்கியது ஒரு காலிப் போத்தல். கடையில் விற்கிற பால்மானி, பற்றரி அசிட்மானி எல்லாம் இதே வடிவம்தான், அதை நான் பிறகுதான் காட்டினேன்.

அந்தப் போத்தலை வைத்துக்கொண்டு பாலமீன்மடு, கல்லடிப் பாலம், மண்முனைப் பாலம் என்று மூன்று இடத்துத் தண்ணீரை அளந்தார்கள். முகத்துவாரத்திலிருந்து விலக விலகக் கோடு கீழே இறங்கியது. கார்த்திகை மழைக்குப் பிறகு மூன்று இடத்திலும் இறங்கியது. ஒரு அப்பா வந்து பார்த்துவிட்டு, இத எனக்கொண்டு செஞ்சு தாங்க மகன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நெல்லுக்குக் காவல் இருந்த பையன்

மோட்டர் ஏன் ஆடிவிட்டு நிற்கிறது என்று சொன்னானே, அந்தப் பையன் 2023 ஆவணியில் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வரவில்லை. சிறுபோக அறுவடை. வீட்டில் அம்மம்மாவும் அவனும்தான், அம்மா குவைத்தில் வேலைக்குப் போயிருக்கிறார். நெல்லைத் தார் றோட்டில் காயப்போட்டுவிட்டுக் காலையிலிருந்து பொழுதுபடும் வரை அவன் கம்போடு இருந்து கோழியும் மைனாவும் கலைக்கவேண்டும்.

மற்றப் பிள்ளைகள் அவனுக்காக ஒரு கலைப்பான் செய்வதென்று முடிவெடுத்தார்கள். பிளாஸ்ரிக் போத்தலை வெட்டிச் சிறகு மடித்து, சைக்கிள் கம்பியை அச்சாக்கி, சுற்றும்போது நூலில் கட்டிய நட்டு ரின்னில் அடிக்கிற மாதிரி. காலையில் கச்சான் காற்றில் பேயாய்ச் சத்தம் போட்டது. மலைநாட்டைத் தாண்டி இறங்கி வருகிற அந்தக் காய்ந்த மேல்காற்று எங்கள் பக்கம் ஆவணியில் ஆளையே வறுக்கும். பத்துப் பதினொரு மணிக்குமேல் கடல்காற்று எதிர்ப்பக்கமிருந்து ஏறியதும் சிறகு நின்றுவிட்டது. காற்றைப் பார்த்துத் தானே திரும்ப வால் வைத்தார்கள். வால் வைத்ததும் நூல் சிக்கியது. நூலை எடுத்துவிட்டுச் சங்கிலித் துண்டு போட்டார்கள். எல்லாம் சரிவந்தபோது கோழிக்குச் சத்தம் பழகிவிட்டது. மூன்றாம் நாள் ரின்னுக்குக் கீழேயே நின்று நெல் கொத்தியது. மைனா மட்டும் கொஞ்சம் பயந்தது. தினமும் இடம் மாற்றி வைத்தால் கோழியும் ஒருநாள் யோசிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே கலைப்பான் அந்தப் பையனை வகுப்புக்குக் கொண்டுவரவில்லை. நாங்கள்தான் அவனிடம் போனோம். நாலாவது சனிக்கிழமை உரப்பையைத் தூக்கிக்கொண்டு றோட்டோரத்து வேப்பமரத்தடிக்குப் போய் அங்கே வகுப்பை வைத்தோம். அவன் கம்பை மடியில் வைத்துக்கொண்டு கம்பி சுற்றினான், கோழி வந்தால் யார் கிட்ட இருக்கிறார்களோ அவர்கள் எழும்பிக் கலைத்தார்கள். அறுவடை முடியும் வரை அங்கேதான்.

இதை நான் முதலில் விளங்கிக்கொள்ளாமல் போனதுதான் இந்த வகுப்பின் பெரிய குறை. சாமான் இல்லை என்று நினைத்துச் சாமான் கொண்டு போனேன். பிள்ளைகளிடம் சனிக்கிழமையே இல்லை. அறுவடையில் காவல், நாற்று மேட்டில் வேலை, தம்பி தங்கையைப் பார்ப்பது, விறகு. 5ஆம் தரப் புலமைப்பரிசில் எழுதுகிற வருடம் என்றால் வீட்டார் வேறெதற்கும் விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான், அந்தப் பரீட்சைதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே கதவு. பெரியபிள்ளையான பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். மச்சாள் வீடு வீடாகப் போய்க் கதைத்து 5 பேரில் 3 பேரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார், அதுவும் வகுப்பு வாசிகசாலை விறாந்தையில், வழியில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் நடப்பதால். மற்ற இரண்டு பேரில் ஒருத்திதான் அந்த மோட்டரைக் கிறுக வைத்தவள். அவள் இப்போது வரவில்லை. அவளுக்கு அரைக்கிலோ கம்பியும் காந்தமும் வீட்டுக்கே கொடுத்து அனுப்பினோம், தங்கைக்குச் செய்து காட்டுகிறாளாம். அது போதாது என்பது எனக்குத் தெரியும்.

கணக்கு

இப்போது 17 பேர் ஒழுங்காக வருகிறார்கள், கூடினபட்சம் 26 வரை வந்தது. செலவில் பெரும்பங்கு பற்றரிக்கும் தேத்தண்ணிக்கும் பிஸ்கட்டுக்கும். பிஸ்கட்டைச் சின்ன விசயமாக நினைக்கவேண்டாம், காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளை பதினொரு மணிக்கு மேல் எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. கம்பி, காந்தம், ரின் எல்லாம் சும்மா. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு செப்பு விலை ஏறி, எரிந்த கம்பியைக்கூட நிறுத்து விற்கிற காலம் என்பதால் என் கடைக் கம்பியில் நல்ல நீளத் துண்டுகளை மட்டும் வகுப்புக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்கிறேன்.

பரீட்சைப் புள்ளி கூடியதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சிலருக்குக் கூடியது, சிலருக்கு இல்லை. இந்தச் சின்னக் கூட்டத்தை வைத்து எதையும் அடித்துச் சொல்ல நான் விரும்பவில்லை. மாறியது எது என்று மச்சாள் சொல்வதைத்தான் நானும் சொல்வேன்: வகுப்பறையில் இந்தப் பிள்ளைகள் இப்போது ஏன் என்று கேட்கிறார்கள், கேட்டுவிட்டு ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதில்லை, சாமானைப் பார்க்கிறார்கள். ரோபோ பெட்டி இரண்டையும் போன மாசிமாதம் திரும்பத் திறந்தோம். இந்த முறை ஐந்தே நிமிடத்தில் மோட்டர் கழற்றப்பட்டு, உள்ளே எத்தனை சுருள் என்று எண்ணப்பட்டது. ஒரு சில்லு உடைந்தது. ரின் மூடியில் புதுச்சில்லு வெட்டிப் பூட்டினார்கள்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் பக்கத்தால் ஒன்றே ஒன்று. ஊரில் உள்ள வைண்டிங் கடை, சைக்கிள் கடை, ரேடியோ திருத்துகிற கடை, ஓடாவிப் பட்டறை இவற்றுக்கு முதலில் போங்கள். எங்களைப்போன்ற ஆட்களிடம் ஒருவரும் வந்து கேட்பதில்லை. கேட்டால் தருவோம், வந்து காட்டியும் தருவோம்.

இந்தச் சிறுபோகத்தில் புது வேலை ஒன்று வந்திருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கிற வட்டவிதானை ஐயா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி வருகுதெண்டு இந்தப் பிள்ளையளால அளக்க ஏலுமா தம்பி?” என்று கேட்டார். துருசு என்கிற மதகைத் திறந்தால் மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை. பிள்ளைகள் 10 மீற்றர் கயிற்றை வாய்க்கால் கரையில் போட்டு, தேங்காய்ப் பொச்சு மட்டைத் துண்டை மிதக்க விட்டு, போனில் நேரம் பிடித்தார்கள். மூன்று தரம் விட்டதில் மூன்று நேரம் வந்தது. நடுவில் போகிற மட்டை வேகம், கரையோரம் போகிறது புல்லில் தேய்ந்து பிந்துகிறது. எதை எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை, போன சனிக்கிழமை இருட்டும் வரை அதில்தான் வாக்குவாதம். வாற சனிக்கிழமை வாய்க்காலின் குறுக்கே ஈர்க்கு நட்டு ஐந்து இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மட்டை விடப்போகிறார்கள். ஆழம் அளக்கிற கம்பை நெல்லுக் காவல் பையன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான், கோழி கலைக்கிற அதே கம்பில் சென்ரிமீற்றர் கோடு போட்டுவிட்டானாம்.